மைக்கம்மாவின் எட்டு மணி ஜெபம்

கடவுளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று முழுமனதாக நம்பிய ஒரே கிறிஸ்தவர் உலகத்திலேயே என் மாமியார்தான். ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவுக்கு அவர் மைக்கம்மா. இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தாரென்றால் எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். சீரியலைவிட எங்கள் வீட்டு ஜெபத்தில் விறுவிறுப்பு அதிகம்.

அத்தை யாரையும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். அதெல்லாம் ஏசப்பாவிடம்தான். சுற்றி நாங்கள் உட்கார்ந்திருப்பதே தெரியாதவர் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்வார்.

நான் திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரம். மத்தியானம் என் சாம்பாரை "சூப்பரா கீதும்மா" என்று இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். எட்டு மணிக்கு ஆரம்பித்தார். "ஏசப்பா, தங்கமான மருமவளக் குடுத்துகீறீங்க, ஸ்தோத்திரம். அந்த உப்பு டப்பாவ மட்டும் அது கைக்கு எட்டாத தூரத்துல வெச்சிடுங்க." என் வீட்டுக்காரர் பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். அவருக்கும் உடனே கிடைத்தது. "இவன் ஈர டவல கட்டில் மேல போடறான் ஏசப்பா. கல்யாணம் ஆனா திருந்துவான்னு பாத்தேன்."

மாடியில் குடியிருந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் பொழுதுக்கும் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருப்பான். "மாடி ஊட்டுத் தம்பிக்கு நல்ல புத்தியக் குடுங்க" என்று ஒரு நாள் ஜெபம் போயிற்று. மறுநாளே நாற்காலிக் கால் நாலுக்கும் ரப்பர் மாட்டிவிட்டான். தினம் திருநீறு பூசுகிற பையன் அவன். "உங்க அத்தைக்கு மேலிடத்துல நல்ல செல்வாக்குக்கா" என்றான் பயபக்தியோடு.

இப்படிப்பட்ட வீட்டில் இருந்தபோதுதான் எனக்கு அம்பத்தூரில் வேலை போயிற்று.

வீட்டில் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிந்தால் எட்டு மணிக்குத் தெருவுக்கே தெரியும். வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று, தினமும் சோற்று டப்பாவோடு ரயிலேறித் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து போனில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் டப்பாவைத் திறக்கிறேன், பக்கத்தில் அத்தை. உடம்பு முடியாத சிநேகிதியைப் பார்த்துவிட்டு ரயிலுக்கு வந்திருக்கிறார்.

"இன்னாம்மா, இங்க குந்திகினு கீற?"

"வேல போயிட்டு அத்தை." அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அத்தை என் டப்பாவிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "உப்பு சரியா கீது. சாப்புடு" என்றார்.

அன்றைக்கென்று பார்த்து, பூந்தமல்லியிலிருந்து பெரிய மாமனார் குடும்பத்தோடு வந்து இறங்கினார். "எங்க வூட்டு மருமவ பெரிய கம்பெனில கீது" என்று போகிற இடமெல்லாம் பெருமை அடிப்பவர். எட்டு மணியாயிற்று. நான் அத்தை பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை வரிசையாக எல்லாரையும் முடித்தார். ஈர டவலும் வந்து போயிற்று. "அப்புறம் ஏசப்பா, என் மருமவ..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

சத்தமே இல்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லாருமே திறந்திருந்தார்கள். அத்தையின் உதடு மட்டும் அசைகிறது. பிரஷர் ஏறிவிட்டது என்று வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்க ஓடினார். அத்தை ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னா பாக்கறீங்க? எனக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கும். கண்ண மூடுங்க."

மறுபடி உதடு அசைந்தது. சோறு ஆறிப்போகும்வரை அசைந்தது. அவர் கை மட்டும் என் முழங்கால் மேல் இருந்தது.

வேறு வேலை கிடைத்தபின் வீட்டில் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அன்று என்னைப் பற்றி என்ன ஜெபித்தீர்கள் என்று அத்தையிடம் கேட்கவே இல்லை. பெற்ற தாயிடமும் எனக்கு இப்படி ஒரு நன்றிக்கடன் இருந்ததில்லை.

இந்த மழைக்காலத்தில் அத்தை போய்விட்டார். அடக்கம் முடிந்த அன்று எட்டு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். ஆரம்பிக்க ஆளில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபித்துப் பழக்கமில்லாதவள் நான்.

"ஏசப்பா, எங்க அத்தை அங்க வந்துருக்காங்க. கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவாங்க. கோவிச்சுக்காதீங்க."

மீதியை உதட்டுக்குள்ளேயே சொன்னேன். யாரும் கண்ணைத் திறக்கவில்லை.