எகிப்தைத் தின்ற மனிதர்

ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரில் இருந்தவர்கள் உயிர் பிழைக்க எதை எதையோ தின்றார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள், நத்தையைத் தின்றார்கள், சிலர் அக்கம்பக்கத்தாரைக் காட்டிக்கொடுத்து அந்தக் கூலியைத் தின்றார்கள். எகிப்தைத் தின்று உயிர் வாழ்ந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் வீட்டு மாடியில், பின்னறையில் குடியிருந்தார்.

அவர் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தாலே "பாபிலோனிலை என்ன நடந்தது தெரியுமோ" என்று ஆரம்பிப்பார், அதனால் சிராங்கூன் ரோட்டுச் சந்து முழுக்க அவருக்குப் பாபிலோன் என்றே பெயர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக்கு முன்னால் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பிறத்தியார் எழுதியதில் தப்பு கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவர். பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தைக் கொடுத்தார்களாம், பென்சில் கேட்டு வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தாராம். கடைசிவரை பிரம்மச்சாரிதான்.

வெள்ளைக்காரன் கையைத் தூக்கியதும் ஊரே கொள்ளைக்குக் கிளம்பியது. என் வீட்டுக்காரர் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்தார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத எதிர்வீட்டுக்காரன் தையல் மெஷின் கொண்டுவந்தான். பாபிலோன் வேர்க்க விறுவிறுக்க ஒரு புத்தகத்தைத் தோளில் சுமந்துகொண்டு படியேறினார். ஏதோ துரை விட்டுவிட்டு ஓடியது. பழங்கால ராஜ்ஜியங்கள், அவற்றின் சாமிகள், சண்டைகள் எல்லாம் இங்கிலீஷில், தலையணை கனத்துக்கு.

"இதை வச்சு என்ன மாஸ்டர் பண்ணப் போறீங்க?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"பிள்ளையள் படிக்கோணும்" என்றார்.

அரிசி சீக்கிரமே தீர்ந்தது. சோறு போட்டது அந்தப் புத்தகம்தான்.

பள்ளிக்கூடங்களைத் திறந்தபோது காலையில் கிழக்கே பார்த்துக் குனிவதும் ஜப்பான் பாட்டுமாக இருந்தது. என் மகள் சரசுவை நான் அனுப்பவில்லை. கீழே கடை வைத்திருந்த மரைக்காயரும் தன் மகனை அனுப்பவில்லை. "குனியிறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா? அதை ரோட்டுல ஜப்பான்காரனே சும்மா கத்துக்கொடுக்குறானே" என்றார். இரண்டு பிள்ளைகளும் பாபிலோன் அறையில் போய் உட்கார்ந்து, அவர் அந்தப் புத்தகத்தைத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்கள்.

அப்போது ஊரில் காகிதமே கிடையாது. தெருவில் வறுகடலை விற்கும் கச்சாங் பூத்தேக்காரர் கடலைக்கே வழியில்லாமல் வறுத்த கிழங்கை விற்றுக்கொண்டிருந்தார், அதைச் சுற்றிக் கொடுக்கக் கூம்புக்குத் தாள் இல்லை. பாபிலோன் அவரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பாடம் முடிந்த தாளைக் கிழித்துக் கொடுப்பார், பதிலுக்கு வறுத்த கிழங்கு. அதை மூன்று பேரும் பங்கு போட்டுத் தின்பார்கள். ஒரே ஒரு சட்டம். பிள்ளைகள் பிழையில்லாமல் ஒப்பிக்காமல் தாள் வீட்டைவிட்டுப் போகாது.

"தாள் போனால் பிறகு நீங்கள்தான் புத்தகம்" என்பார். "புத்தகத்திலை பிழை இருக்கப்படாது."

வயிறு காயும்போது பிள்ளைகள் என்ன வேகத்தில் படிக்கும் தெரியுமா? ஒரு மழைக்காலத்துக்குள் எகிப்து முழுவதும் தீர்ந்துவிட்டது. சந்தில் யார் கையைப் பார்த்தாலும் ஒரு பிரமிடு இருந்தது.

சரசு இளகிய மனசுக்காரி. எகிப்துச் சாமி ஒன்றை அதன் தம்பியே துண்டுதுண்டாக வெட்டிப் போட்ட கதையை ஒப்பிக்கும்போது, "ரெண்டு அடி அடிச்சான் மாஸ்டர்" என்று முடித்துவிட்டாள்.

"பிழை."

"பாவமா இருக்கு மாஸ்டர்."

"செத்தவன் எப்பிடிச் செத்தவன் எண்டு மாத்திறதுக்கு நீ ஆர்?"

அன்று யாருக்கும் கிழங்கு இல்லை. அவருக்கும்தான். பசியோடு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பிடிவாதம் வீட்டோடு நின்றிருந்தால் தேவலை. ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரத்தையெல்லாம் தன் ஊர் நேரத்துக்குத் தள்ளி வைத்தான். பாபிலோன் மட்டும் தன் கடிகாரத்தைத் தொடவில்லை. பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று விசாரிக்க ஒருநாள் தெருத் தலைவன் வந்தான். நம்ம ஆள்தான். முன்னே ஆட்டுத் தரகன், இப்போது கையில் ஜப்பான் எழுத்துப் போட்ட துணிப்பட்டி.

"என்னய்யா, மணி தப்பா ஓடுது?" என்றான்.

"மணி சரி. சூரியன் இன்னும் இந்த நேரத்துக்குத்தான் வருது. உம்முடைய ஜப்பான்தான் பிழை."

விட்டான் ஒரு அறை. கண்ணாடி அறையின் மூலைக்குப் போய் விழுந்தது. பாபிலோன் நிதானமாகப் போய் எடுத்து மாட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கையிலை கட்டியிருக்கிற எழுத்தும் தலைகீழாக் கிடக்கு."

இன்னொரு அறை. ஆனால் கீழே இறங்கும்போது பாதிப் படியில் நின்று அவன் பட்டியை அவிழ்த்துத் திருப்பிக் கட்டியதை நான் பார்த்தேன். சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அந்த வீட்டில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டபோது, பட்ட அவமானத்தை மறக்காத அந்தத் தலைவன் முதலில் தட்டிய கதவு எங்களுடையது. "மூணே மாசம். சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு. போய்ட்டு வந்துடலாம்" என்றான். கேட்பதுபோலச் சொன்னான், பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்றார்கள். மாஸ்டர் மண் சுமக்க ஆகமாட்டாரென்று என் வீட்டுக்காரரைத்தான் காட்டினான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். சரசு வாசற்படியிலேயே உட்கார ஆரம்பித்தாள்.

நான் பாபிலோனோடு பேச்சை நிறுத்தினேன். மகளை மட்டும் அனுப்பினேன், கிழங்குக்காக. ரோஷம் வேறு, பசி வேறு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ராஜாவின் கதை வந்தது. பாபிலோன் பட்டணத்துக்கும் முந்திய காலம். ராஜாவின் விளையாட்டுச் சாமான் பாதாளத்தில் விழுந்துவிட்டது. எடுக்கப் போனவன் ராஜா இல்லை, அவன் தோழன். ராஜாக்கள் எந்தக் காலத்தில் தாங்களே இறங்கியிருக்கிறார்கள்? போனவனைப் பூமி பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் கதை.

சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த எனக்குச் சரசுவின் குரல் கேட்டது. "அப்புறம் எப்ப வந்தான் மாஸ்டர்?"

"வரேல்லை."

நான் எழுந்து போனேன். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, "மாஸ்டர், அவளுக்கு மட்டும் கடைசி வரியை மாத்திச் சொல்லுங்க" என்றேன்.

"தங்கச்சி, புத்தகத்திலை இல்லாததை நான் சொல்ல மாட்டன்."

"உங்க மணியாலதானே மாஸ்டர் அவரு போனாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், மறுபடி துடைத்தார்.

மறுநாள் ஒப்பிக்கும் நேரம். நான் கதவோரம் நின்றேன். சரசு ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். "பூமி அவனைப் பிடிச்சுக்கிட்டது" என்ற இடத்தில் நிறுத்தினாள். அவரையே பார்த்தாள்.

"அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் விட்டுடுச்சு. அவன் வீட்டுக்கு நடந்து வந்துட்டான்."

"பிழை" என்றான் மரைக்காயர் மகன். அவர் பழக்கிய பிள்ளையாயிற்றே. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் வேறு, எட்டிப் புத்தகத்தைப் பார்க்க வந்தான்.

பாபிலோன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின் மேல் குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார்.

"நீ சும்மா இரு" என்றார் அவனிடம். "இங்கை அப்பிடித்தான் கிடக்கு."

சொல்லிவிட்டு, அவன் கண் படுமுன் தாளைக் கிழித்தார். கச்சாங் பூத்தேக்காரரின் வேலையைத் தானே செய்தார், கூம்பாகச் சுற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். அன்று சரசுவுக்குத்தான் பெரிய பங்கு.

மூன்று மாதம் இரண்டு வருடமாயிற்று. கிரேக்கம் தீர்ந்தது, ரோம் தீர்ந்தது. ரோமுக்குப் பிறகு தின்ன எதுவும் இல்லாமல், கால் இரண்டும் வீங்கிப் பாபிலோன் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தது புத்தகத்தின் அட்டை. அதை வைத்து நான் ரொம்ப நாள் அடுப்பு விசிறினேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று சொல்லக்கூட ஒரு நாதியில்லை. தெருத் தலைவன் மட்டும் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கு மாலை போட முதல் ஆளாக நின்றான். அவனை எந்தப் பூமியும் பிடித்துக்கொள்ளவில்லை.

இப்போது நான் தோ பாயோவில் இருக்கிறேன், சரசு குவீன்ஸ்டவுனில். அவள் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த ராஜா கதையைச் சொல்லித்தான் வளர்த்தாள், அவள் முடித்த முடிவோடு. போன வாரம் அவள் கடைசிப் பையன் ஏதோ படித்துவிட்டு வந்து என் எதிரிலேயே கேட்டான்.

"அம்மா, புக்ல வேற மாதிரி இருக்கு லா. அவன் திரும்பி வரவே இல்ல."

சரசு என்னைப் பார்த்தாள். அன்று மாஸ்டர் "வரேல்லை" என்று சொன்னதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து நானும் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"உங்கம்மா சொன்னதுதான் சரி" என்றேன்.

பாபிலோன் பார்த்துச் சரியென்று விட்டதைத் திருத்துவதற்கு நான் யார்?