கம்பி இல்லாத கரண்ட்டும் கண்டக்டர் செபஸ்தியானும்

சேசு மரி சூசை

திண்டிவனம்
10.5.2018

அன்புள்ள மச்சான் அந்தோணி பிரபு அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் செபஸ்தியான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காள் லூர்துசெல்வியும் மகள் எலிசாவும், சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சுகமாகவே இருக்கிறோம். அதில் நான் மட்டும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. விழுப்புரத்தில் தங்கள் வீட்டாரின் நலத்துக்கும், பள்ளியில் தங்களிடம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளின் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். பின்னதற்குக் கொஞ்சம் அதிகமாகவே வேண்டிக்கொள்கிறேன்.

ஏனென்றால் மச்சான், இந்தத் தீயை மூட்டியதே நீங்கள்தான். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவர் கேக்கைத் தின்றோமா போனோமா என்றில்லாமல், கடைசி வருஷ புராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்ட எலிசாவிடம், கம்பி செருகாமலே நாலு சாமானுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பலகை ஒன்று செய், அதையும் குப்பையில் போட வேண்டியிராத பொருளில் செய் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் போன மூன்றாம் வாரம் நான் வண்டியிலேயே மயங்கி விழுந்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இடது நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் என்ற தீப்பெட்டி அளவு மிஷினை வைத்துத் தைத்து, 'காந்தம் கிட்ட போகாதீங்க, செல்போனை இடது பாக்கெட்ல வெக்காதீங்க' என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, கண்டக்டர் வேலைக்கும் முழுக்குப் போட்டு வீட்டுக்கு வருகிறேன், நடுக்கூடத்தில் என் பெண் காந்தம் செய்துகொண்டிருக்கிறாள்!

பலகைக்கு மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல். அதை உங்கள் அக்காளின் மிக்ஸியில் அரைத்து, பசை சேர்த்து, செங்கல் வைத்து அழுத்திக் காயவைத்தாள். ஒரு வாரம் சட்னியில் தவிட்டு வாசனை அடித்தது. கம்பிச் சுருளுக்கு எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்பு. பேட்டரி பழைய லேப்டாப்பிலிருந்து வந்தது, அதற்கு மொட்டைமாடியில் ஒரு சோலார் தகடு. எல்லாமே திருகாணி போட்டதுதான், எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாமாம். அதெல்லாம் சரி, கம்பி இல்லாமல் கரண்ட்டு எப்படியம்மா தாண்டும் என்று கேட்டேன்.

"பலகைக்குள்ள ஒரு சுருள், போன் முதுகுல ஒரு சுருள்ப்பா. நடுவுல காந்தம் மாதிரி ஒண்ணு போய்க்கினு வந்துக்கினு இருக்கும். அவ்ளோதான்" என்றாள்.

அவ்வளவுதானாம். காந்தம் என்றதும் என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ அப்படித்தானே மச்சான் கரண்ட்டுக்குக் கம்பி? கயிற்றை அவிழ்த்துவிட்டால் மாடு போன் முதுகுக்குத்தான் போகும், செபஸ்தியான் நெஞ்சுக்குப் போகாது என்று யார் எழுதிக் கொடுப்பது? "ஒரு சாண் தள்ளினா ஒண்ணுமே இல்லப்பா" என்று அவள் கருவி வைத்து அளந்தே காட்டினாள். கரண்ட்டுக்குச் சாண் தெரியுமா, முழம் தெரியுமா? உங்கள் அக்காளிடம் முறையிட்டால், "நீங்கதான் முப்பது வருஷமா கண்டக்டரு. கரண்ட்டு வேற யாரு வழியா போவும்?" என்று சிரிக்கிறாள். அன்றிலிருந்து நான் கூடத்தில் கால் வைக்கவில்லை, வாசல் திண்ணையோடு சரி. சாப்பாட்டுக்குச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போகிறேன். எதிர்வீட்டுக் குப்பம்மாள், "இன்னா சார், வீட்ல பேஜாரா? பின்னாடி வந்து சோறு வாங்கிக்கினு போறீங்களே?" என்று தெருவே கேட்கும்படி விசாரிக்கிறாள்.

இதற்கு நடுவில் உங்கள் அக்காள் காப்பி டம்ளரை அந்தப் பலகைமேல் வைத்திருக்கிறாள். கால் மணி கழித்து எடுத்தால் கை சுட்டுவிட்டது. "காப்பி ஆறவே இல்லிங்க!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ வியர்த்துவிட்டது. எவர்சில்வருக்கே இந்தக் கதி என்றால் என் நெஞ்சில் இருப்பது என்ன, சந்தனக் கட்டையா? எலிசா முகமும் மாறிவிட்டது. பலகையைப் பிரித்துப் போட்டு, மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் என்னவோ செய்துகொண்டிருந்தாள். என்னவென்று கேட்கவும் எனக்குப் பயம்.

ஏப்ரலில் எலிசா படிக்கும் விழுப்புரம் கல்லூரியில் புராஜெக்ட் பரீட்சை. பெற்றோரும் வர வேண்டுமாம். போகாவிட்டால் பெண் மனசு நோகும், போனால் என் உயிர் போகும். யோசித்து, இட்லித் தட்டு ஒன்றைப் பனியனுக்குள் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டை போட்டுக்கொண்டேன். சுட்டால் தட்டு சுடட்டும், நெஞ்சு பிழைக்கட்டும் என்பது என் கணக்கு. பஸ்ஸில் என்மேல் மோதிய ஒருவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மேசைமேல் பலகை. அதன்மேல் ஒரு போன், ஒரு டார்ச், ஒரு சின்ன ரேடியோ, மூன்றிலும் பச்சை விளக்கு. வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்த கலைப்பிரியா மேடம் வாசலோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "பொண்ணோட அப்பாவா? பக்கத்துல வந்து பாருங்க சார்" என்றார். மரியாதைக்காகப் போய்க் குனிந்தேன். சிவப்பு விளக்கு! எல்லாம் நின்றுவிட்டது. பயந்து பின்னால் வந்தேன், பச்சை எரிந்தது. "இப்ப பாருங்க" என்றார், திரும்பவும் குனிந்தேன், திரும்பவும் சிவப்பு. எலிசா திருகாணியைக் கழற்றப் போனாள். மூன்றாம் தடவை மேடம் பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"சார், சட்டைக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லிங்க மேடம். நெஞ்சுதான்."

"எடுங்க வெளிய" என்று பல்லைக் கடித்தாள் உங்கள் அக்காள். அறுபது பிள்ளைகள் முன்னால் பொத்தானைக் கழற்றி இட்லித் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன் மச்சான். கூடமே சிரித்தது. "உலோகம் கிட்ட வந்தா தானா நின்னுடுது. உங்கப்பாவே செஞ்சு காட்டிட்டாரு" என்று மேடமும் சிரித்துக்கொண்டே மார்க்கு எழுதினார். அந்த மூன்று வார வேலை இதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எலிசா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அவ்ளோ பயமாப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பயம் இன்னும் போகவில்லை என்பதே உண்மை. பலகையைப் பார்த்த பெங்களூர் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. நல்லதாகப் போயிற்று. ஆகவே இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தாங்கள் ஜல்தியாகப் புறப்பட்டு வந்து, பலகையையும் அதைச் செய்தவளையும் பெங்களூரில் சேர்த்துவிட்டு வரவும். எனக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. வீடு வீடாக இருக்கும், நானும் முன்வாசல் வழியாகப் போய்ச் சோறு தின்பேன்.

தங்கள் பிள்ளைகளின் தலையில் சிலுவை போட்டு ஆசீர்வதித்ததாகச் சொல்லவும். மாதா தங்களைக் காப்பாராக, தங்கள் யோசனைகளிலிருந்து என்னையும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா
செபஸ்தியான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பாண்டிச்சேரிக்குச் செக்கப் போக வேண்டியதாயிற்று. டாக்டர் ஒரு சோப்புக்கட்டி போன்ற சாமானை என் நெஞ்சுமேல் வைத்துவிட்டு எதிரே டிவியைப் பார்க்கிறார். "இதுக்குக் கம்பி எங்க டாக்டர்?" என்றேன். "எதுக்குக் கம்பி? உள்ள இருக்கிறதும் இதுவும் தானா பேசிக்கும்" என்கிறார்! நாலு மாதமாக நான் எதற்குப் பயந்தேனோ அதுவே என் நெஞ்சுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. பிறகு அவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எட்டாம் தேதி சாயங்காலம் ஏழரைக்கு மட்டும் இதயம் தாறுமாறா ஓடியிருக்கே, எதப் பாத்துப் பயந்தீங்க?" என்று கேட்டார். அன்று பலகை வீட்டிலேயே இல்லை, கல்லூரியில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். உங்கள் அக்காள்தான் சொன்னாள்: "அப்பதான் டாக்டர், பெங்களூர்லருந்து பொண்ணுக்கு போன் வந்துச்சு."

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நானே கொண்டுபோய் விடுகிறேன். பலகை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதில் என் போனுக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் எப்போது கூப்பிடுவாளோ, தெரியாதல்லவா.