பதினொரு வரிகளும் ஒரு பல்வலியும்

அறிவியல் வளர்ந்தது அறிவால் அல்ல, அடக்கத்தால். இதை நான் அடித்துச் சொல்வேன். அடித்துச் சொல்லிப் பழக்கமில்லாததால் எழுதுகிறேன்.

என் அடக்கம் விண்வெளி வரைக்கும் போயிருக்கிறது. அங்குள்ள நிலையத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு சின்ன உலை இருக்கிறது. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள், உலோகத்தைப் போலவே உறையும், ஆனால் உள்ளே நடப்பது வெளியே தெரியும் ஒரு பொருள். தரையில் உருக்கினால் சூடான திரவம் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். உறைந்து முடிப்பதற்குள் ஒரே தள்ளுமுள்ளு. அங்கே எடை இல்லை, தள்ளுமுள்ளும் இல்லை. படிகம் நிம்மதியாக வளரும். நிபந்தனை ஒன்றுதான்: ஆறு நாள் அதை யாரும் ஆட்டக் கூடாது.

அந்த ஆறு நாளும் திரையைப் பார்ப்பதும், மேலிருந்து வரும் செய்திகளுக்குப் பதில் போடுவதும் என் வேலை. எங்கள் ஆய்வகத்தில் ‘மேலே இருப்பவர்’ என்றால் கடவுள் அல்ல, விண்வெளி வீரர். முதல் நாளே அவரிடமிருந்து செய்தி வந்தது: “உலைக்குப் பக்கத்துலதான் டிரெட்மில். தினம் ரெண்டு வேளை ஓடணும். ஓடலாமா? வேண்டாம்னா வேற பயிற்சி பண்ணிக்கறேன்.”

வானத்தில் இருக்கும் ஒருவர் அனுமதி கேட்கிறார். பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடமே “சாரி” சொல்கிறவள் நான். “தாராளமா ஓடுங்க சார்” என்று எழுதி, ஒரு சிரிப்பு முகமும் சேர்த்தேன்.

ஏழாம் நாள் படங்கள் வந்தன. படிகத்தின் குறுக்கே பதினொரு மெல்லிய வரிகள். யாரும் இதுவரை பார்க்காதவை. ஆய்வக இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் அப்படி எழுவது அரிது. “இது பொருளோட இதயத்துடிப்பு!” என்றார். மதியத்துக்குள் அதற்கு ‘உறைதுடிப்பு’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

மேலே இருப்பவர் ஓடிய நேரங்களை நான் எடுத்து வரிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு நாள், இரண்டு வேளை, பன்னிரண்டு வர வேண்டும். மூன்றாம் நாள் மாலை மட்டும் வரி இல்லை. அன்று மேலே இருப்பவருக்குப் பல்வலி, ஓடவில்லை.

இயக்குநர் அறைக்குப் போனேன். கதவை மூன்று முறை தட்டினேன். மூன்றாவது முறைதான் தட்டிய சத்தம் வந்தது.

“சார், அந்த வரிகள்…”

“அழகா இருக்குல்ல?”

“ஆமா சார். ஆனா மூணாவது நாள் சாயங்காலம் வரி இல்ல. அன்னிக்கு அவருக்குப் பல்வலி.”

“அடப்பாவமே. இப்ப எப்படி இருக்காராம்?”

“சரியாயிடுச்சாம் சார்.”

“நல்லது. உன்னை மாதிரி அக்கறையான பொண்ணுங்கதாம்மா நமக்கு வேணும்.”

ஆக, நான் தெரிவித்துவிட்டேன். வெளியே வந்ததும் மனம் லேசாக இருந்தது. ஏறக்குறைய எடையற்ற நிலை.

அடுத்த வாரம் கூட்டம். உலையின் அடுத்த முறை, நாங்கள் ‘நுரை அக்கா’ என்று கூப்பிடும் மூத்த ஆய்வாளருடையது. உருகிய உலோகத்துக்குள் குமிழிகளை அடைத்து, உடைந்த எலும்புக்கு மாற்றாக ஒரு லேசான உலோக நுரை செய்யப்பார்க்கிறவர். தரையில் குமிழிகள் மேலேறி ஓடிவிடும். விண்வெளியில் மேல், கீழ் கிடையாது, ஓட இடமில்லை. ஆறு வருடமாக வரிசையில் நிற்கிறார். இந்த முறை தவறினால் ஒப்பந்தம் முடிந்துவிடும், அவரும் ஆராய்ச்சியும் சேர்ந்து வெளியே.

“உறைதுடிப்பை இன்னொரு தடவை செஞ்சு உறுதிப்படுத்தணும். அதனால அடுத்த முறையை அதுக்கே எடுத்துக்கறோம்” என்றார் இயக்குநர்.

அக்கா கத்தவில்லை. “துடிப்புதான்னு எப்படிச் சொல்றீங்க? வேற ஏதாவது காரணம் இருக்கான்னு யாராவது பாத்தீங்களா?” என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “பதிவெல்லாம் நீதானே பாக்கற? நீ சொல்லும்மா.”

மேசையைச் சுற்றிப் பதின்மூன்று பேர். வாக்கியத்தை மனதுக்குள் அமைத்தேன். ‘நான்தான் ஓடச் சொன்னேன்’ என்று தொடங்கியது. கொஞ்சம் பணிவாகத் திருத்தினேன். இன்னும் கொஞ்சம் திருத்தினேன். கடைசியில் வெளியே வந்தது இவ்வளவுதான்:

“இருக்கலாம் அக்கா… இல்லாமலும் இருக்கலாம்.”

‘மாற்றுக் காரணம் ஏதுமில்லை என்பதை இளநிலை ஆய்வாளர் உறுதிப்படுத்தினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது’ என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சத்தமில்லாமல், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்.

மாதக் கடைசியில் அக்கா மேசையைக் காலி செய்தார். நுரை மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றி ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கினார். உதவி செய்யப் போனேன். பெட்டியை நான் பிடித்துக்கொள்ள, அவர் நாடா ஒட்டினார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“அத்தனை பேர் இருந்தாங்க. எனக்காகக் கண் கலங்கினது நீ ஒருத்திதான்டி. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

பெரியவர்கள் நன்றி சொன்னால் மறுப்பது மரியாதையில்லை. நான் மறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, மிகுந்த அடக்கத்துடன் சொன்னேன்:

“பரவாயில்லக்கா.”