சிக்னல் சித்தரின் காப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டாபிராமில் மின்சார ரயிலிலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்து, ஏதோ துணிக்கடைத் தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் சிக்னல் சித்தரைப் பார்க்கப் போகிறார்கள். கையில் தேங்காய், பழம், பிள்ளையின் செல்போன். பிள்ளையா? அது பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருக்கும்.

சித்தர் செய்வது இதுதான். செல்போனின் முதுகில், நாக்கைத் துருத்திய திருஷ்டி பொம்மை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அதற்குப் பெயர் காப்பு. காப்பு உள்ள போனுக்குள் கெட்டவன் எவனும் நுழைய முடியாதாம். பிள்ளை யாரோடு பேசுகிறது என்று பெற்றவர்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாமாம். இது யாருக்குக் கசக்கும்?

"ஒரு குமிழி கூட இல்லாம ஒட்டிட்டாரு பாத்தியா! இன்னா சக்தி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார், மகனின் போனோடு வந்திருந்த கங்காதரன். இன்ஜினியர் வேறு! துறவுக்கு முன் சித்தர் ஆவடியில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த ஹேமநாதன். குமிழி வந்தால் கடைக்காரர் விடுவாரா? சக்தி தானாக வந்துவிட்டது.

அன்று வரிசையில் முன்னால் நின்றவள் சாவித்திரி. கூடவே ஏழாவது படிக்கும் மகள் சௌம்யா. போன மாதம் ஒட்டிய காப்பைப் புதுப்பிக்க வந்திருந்தார்கள். சித்தரின் அருளுக்கும் ரீசார்ஜ் உண்டு. திருமழிசை கம்பெனியில் சாவித்திரியோடு வேலை பார்க்கும் ஜுலைகா, சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். அவள் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"சாமி, கெட்டவன் மெசேஜ் இந்த போனுக்கு வரவே வராதா?"

"வராதும்மா. வந்தா காப்பு எரிச்சிடும்."

"அப்டியா? ஒரு டெஸ்ட்டு பாத்துருவோம்."

சௌம்யாவிடமே கேட்டு, அவள் ஆடும் விளையாட்டைத் தன் போனில் இறக்கினாள் ஜுலைகா. யாரோ ஒரு பையன் படம், இல்லாத ஒரு பெயர். கணக்கு தயார். அந்தப் பெயரில் சௌம்யாவுக்கு ஒரு செய்தி போட்டாள். பூஜைத் தட்டில் கிடந்த சௌம்யாவின் போன் 'டிங்' என்றது. கங்காதரன் எடுத்து உரக்கப் படித்தார்.

"செல்லம், உன் போட்டோ ஒண்ணு அனுப்பு. அம்மாகிட்ட சொல்லாதே."

கூட்டம் சித்தரைப் பார்த்தது. சித்தர் அசரவில்லை.

"அனுப்புனது நல்ல மனசு. அதான் காப்பு வழி உட்டுச்சு."

"உங்க போன்லயும் காப்பு கீதே சாமி. அப்புறம் எதுக்கு அதுக்கு கைரேக லாக்கு?" என்றாள் ஜுலைகா.

எல்லோரும் சிரித்தார்கள். சௌம்யா மட்டும் அழத் தொடங்கினாள்.

"ம்மா... ஒரு அண்ணன் இதேதாம்மா டெய்லி அனுப்புறாரு. கேம்லதான் வந்தாரு. இன்னிக்கு சாயங்காலம் போட்டோ அனுப்பறேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"காப்பு ஒட்டினா கெட்டவன் வரமாட்டான்னு நீதானேம்மா சொன்ன? அப்போ வந்தவரு நல்லவருதானே?"

நல்லவேளை, சாவித்திரி அடிக்கவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இப்போவாச்சும் சொன்னியே கண்ணு. உம்மேல தப்பே இல்ல. எம்மேலதான்."

"அவன் பேசுனத அழிச்சிடாதக்கா," என்றாள் ஜுலைகா. "எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கினு அப்புறம் பிளாக் பண்ணு. போலீஸ் ஸ்டேஷன்ல காட்டணும்."

அதற்குள் கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. "யோவ் அண்ணாத்தே, நீ ஆவடில கிளாஸ் ஒட்டிகினு இருந்த ஹேமநாதன்தானே?" சித்தர் பின்வாசலைத் தேடினார். அங்கே தேங்காய் மூட்டைகள் அடைத்துக்கொண்டு நின்றன.

கங்காதரன் மகனின் போனிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வரவில்லை. ஒட்டுகிற வேலையில் மட்டும் ஹேமநாதன் யாரையும் ஏமாற்றியதில்லை.

பெற்றவர்களே, உங்கள் பிள்ளையோடு பேசுகிறவன் யார் என்று பொம்மையையா கேட்பீர்கள்? பிள்ளையைக் கேளுங்கள். அதற்கு வாய் இருக்கிறது. பொம்மைக்கு வெறும் நாக்குதான்.