ரிசீவரைத் தூக்கிப் பார்ப்பவர்

மைலாப்பூரில் கொசுவுக்கு அடுத்தபடியாக வீட்டுக்கு வீடு காணக் கிடைக்கிற ஜீவன் ஒன்று உண்டு. இணைப்பு வைத்தியர் என்று அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு டி.வி.யில் கோடு விழுந்தாலும் சரி, எதிர்வீட்டு மிக்ஸி உறுமினாலும் சரி, மாடி வீட்டுப் போன் செத்தாலும் சரி, இவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். கூப்பிட வேண்டாம். வந்துவிடுவார்.

அடையாளம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர் இருக்கும். எந்த ஒயரைக் கண்டாலும் பிடுங்குவார், பிடுங்கிய முனையை வாயால் ஊதுவார், ஊதினதை மறுபடி செருகுவார், செருகிவிட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று, இப்போதுதான் பிறந்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பார். "செட்டிங்ஸை யாரு தொட்டா?" என்று கேட்பார். யாரும் தொடவில்லை என்றால் நம்பமாட்டார். ஆனால் அடுத்த நிமிஷம் தானே தொடுவார். சரியாகிவிட்டால் அவர் கைராசி. ஆகாவிட்டால் லைன் கோளாறு. மூன்றாவது தீர்ப்பு அந்தக் கோர்ட்டில் கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் லஸ் பக்கம் ஒரு ஃப்ளாட்டில், முதல் மாடியில், இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒன்று குடியிருந்தது. பெயர் சாய்நாத். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. பெல்ட்டில் தோல் உறை போட்ட செல்போன். தங்கமான மனுஷன், அதில் சந்தேகமே வேண்டாம். யாருக்கு காஸ் சிலிண்டர் வரவில்லை என்றாலும், யார் பிள்ளைக்கு ஸ்கூலில் சீட் கிடைக்கவில்லை என்றாலும் முதலில் ஸ்கூட்டரை உதைக்கிறவர் அவர்தான். அதுதான் வினையே. கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

அவருக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் தங்கபுஷ்பம். அவள் புருஷன் வெள்ளைத்துரைக்கு தி.நகரில் பாத்திரக் கடை. காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரிதான் வருவார். தங்கபுஷ்பம் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துத் தமிழ் அச்சுக்கோப்பு செய்துகொண்டிருந்தாள். இரண்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கடை நோட்டீஸ். "இருமனம் இணையும்" என்பதை ஆயிரம் தடவை அடித்திருப்பாள். ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. இப்போது சிங்கப்பூரில் ஒரு பதிப்பகம் சிறுவர் புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்திருந்தது. நாற்பது பக்கம். வெள்ளிக்கிழமை நம்ம நேரம் மூன்றரை மணிக்குள் ஃபைல் வந்து சேர்ந்து, பார்க்கவும் நன்றாக இருந்தால் வேலை அவளுக்கு, வராவிட்டால் இன்னொருவருக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி போடுவார்களாம்: அச்சுக்கோப்பு, தங்கபுஷ்பம். அந்த வரியை மட்டும் அவள் பதினேழு எழுத்துருவில் அடித்துப் பார்த்துவிட்டாள். எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு, போன் லைன் வழியாக இன்டர்நெட்டைப் பிடிக்கிற மோடத்தைப் போட்டாள். அந்தப் பக்கம் நம்பர் எங்கேஜ்டு. சரி, சித்த நேரம் கழித்துப் போடலாம் என்று, இரவல் வாங்கின, இடியாப்பம் பிழிகிற உழக்கைத் திருப்பிக் கொடுக்க முதல் மாடிக்கு இறங்கினாள். அங்கேதான் வாயைக் கொடுத்தாள்.

"சிங்கப்பூருக்கு ஒரு ஃபைல் அனுப்பணும் மாமி. லைனே கிடைக்கல" என்றாள், சாய்நாத்தின் சம்சாரம் அபயாம்பாளிடம்.

மாமி முகத்தில் ஒரு பயம் வந்தது. "மெதுவாப் பேசும்மா. தொண்டை கட்டிண்டுருக்குன்னு லீவு போட்டுட்டு உள்ளதான் படுத்துண்டுருக்கார். காலைலேர்ந்து நான் குக்கர் வெச்சா மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து வெயிட்டைத் தூக்கிப் பாக்கறார். வெந்துடுத்தான்னு பாக்கறாராம். பருப்பு இன்னும் கல்லாத்தான் இருக்கு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. கட்டின தொண்டைதான், ஆனாலும் உற்சாகத்துக்குக் குறைவில்லை. "யாருக்கு லைன் கிடைக்கலே?"

தங்கபுஷ்பம் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் அவர் அவளுக்கு முன்னால் நின்றார். எப்படி என்று கேட்காதீர்கள்.

"சித்த நகந்துக்கோங்கோம்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஒயரைப் பிடுங்கினார், ஊதினார், செருகினார். மோடத்தின் முதுகைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் மாதிரி அடிக்கறதே" என்றார். கம்ப்யூட்டரை அணைத்து, ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணி, மறுபடி போட்டார். இருபத்தொன்பதில் போட்டால் பலிக்காதாம். ஒன்று நாற்பதுக்கு லைன் கிடைத்தது. மோடம் வழக்கம்போலக் கீச்சிட்டது, கரகரத்தது, அடங்கியது. திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. ஐந்து சதம். எட்டு சதம்.

"பாத்தேளா?" என்றார் சாய்நாத்.

தங்கபுஷ்பத்துக்கு மனசு குளிர்ந்து போயிற்று. காபி போடட்டுமா என்று கேட்டாள். சர்க்கரை கம்மியாக என்றார். முழு ஃபைலும் போக இருபது நிமிஷம் ஆகும். இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பது சாதாரண மனிதருக்கே கஷ்டம். வைத்தியருக்கு? கையை மடியில் வைத்தார், முதுகில் வைத்தார், டெஸ்டரை எடுத்துக் காது குடைந்தார். பிறகு எழுந்து, "லைன் எப்படி இருக்குன்னு ஒரு பார்வை பாத்துட்டு வரேன்" என்று ஹாலுக்குப் போனார்.

அந்த வீட்டில் போன் இரண்டு. ஹாலில் ஒன்று, கம்ப்யூட்டர் அறையில் ஒன்று. இரண்டும், மோடமும் ஒரே லைன்.

அறுபத்திரண்டு சதத்தில் நீலக் கோடு நின்றது. இணைப்பு அறுந்தது. சாய்நாத் ஓடி வந்தார், முகத்தில் ஒரு ஞானப் பிரகாசத்தோடு.

"நெனச்சேன். லைன்ல ஒரே இரைச்சல். கீச்சு கீச்சுன்னு காதைக் கிழிக்கறது. இந்த லைன்ல ஃபைல் எப்படிம்மா போகும்?"

அடுத்த தடவை இரண்டே காலுக்கு. விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பித்தது. முப்பது, நாற்பது, ஐம்பது. தங்கபுஷ்பம் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். "இரைச்சல் கொறஞ்சுதான்னு பாத்துடறேன்" என்று ஹாலுக்குப் போனவர், எழுபத்தொன்றில் திரும்பி வந்தார். கோடு நின்றிருந்தது. "கொறையலே" என்று அறிவித்தார். குரலில் கவலைதான், ஆனால் கவலைக்கு அடியில் ஒரு திருப்தி. தான் சொன்ன வியாதியே நோயாளிக்கு இருந்துவிட்டால் எந்த வைத்தியருக்குத்தான் இனிக்காது?

"சார், மணி இரண்டு முப்பத்தஞ்சு ஆச்சு" என்றாள் தங்கபுஷ்பம்.

"நான் இருக்கச்சே ஏன் கவலைப்படறேள்? இன்னொருதரம் போடுங்கோ."

போட்டாள். பதினொரு சதத்தில் அவர் செல்போன் அடித்தது. செல்போன் இருக்கிறதே என்று எடுத்துப் பேசிவிட முடியுமா? அந்தக் காலத்தில் வருகிற அழைப்புக்கும் காசு. செல்போன் வைத்திருந்த எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார்: நம்பரைப் பார்த்தார், கட் பண்ணினார், யார் வீட்டு லேண்ட்லைன் கிட்டத்தில் இருக்கிறதோ அதைத் தேடி ஹாலுக்குப் போனார்.

அறைப் போன் மெல்ல 'டிங்' என்று முனகியது. கோடு நின்றது.

தங்கபுஷ்பம் போனைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அந்த டிங் சத்தம் முன்னேயும் இரண்டு தடவை கேட்டது ஞாபகம் வந்தது. ஹாலில் சாய்நாத் ரிசீவரைக் காதில் வைத்து, "இங்கே பாரேன், இப்பவும் கீச்சுங்கறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பொத்தானைத் தட்டித்தட்டி ஆபீஸ் நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இரைச்சல் இரைச்சல் என்றது அவளுடைய நாற்பது பக்கமும் சிங்கப்பூர் போகிற சத்தம்; ஒவ்வொரு தடவையும் அதை அறுத்தது அவர் ரிசீவரைத் தூக்கினதுதான். மாமியின் குக்கர் அவள் கண்முன் வந்து நின்றது. அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் வைதாள்.

வெளியே சொல்லலாமா? சொல்லலாம். சொன்னால் மனுஷன் நொந்துபோவார், அது ஒன்று. அதைவிட ஆபத்து, நம்பமாட்டார். "அப்படியா? எங்கே, ஒருதரம் போடுங்கோ, நான் தூக்கிப் பாக்கறேன்" என்று நிரூபணம் கேட்பார். மணி இரண்டு ஐம்பது.

"சார்" என்றாள் தங்கபுஷ்பம், முகத்தை மிகவும் பாவமாக வைத்துக்கொண்டு. "நீங்க சொன்னதுதான் சரி. லைன்லதான் கோளாறு. எக்ஸ்சேஞ்சுல நான் போய்ச் சொன்னா யாரு மதிப்பா? நீங்க நேர்ல போய் நின்னாத்தான் நடக்கும்."

சாய்நாத்தின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. "நீங்க எதையும் தொடாதேங்கோ" என்று எச்சரித்துவிட்டுப் படியிறங்கினார். ஸ்கூட்டர் உதைபடுகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, தங்கபுஷ்பம் ஹால் போனை இரண்டு தலையணைக்கு நடுவே படுக்க வைத்தாள், ரிசீவர் அசையாதபடி. மூன்று மணிக்கு மோடத்தைப் போட்டாள்.

முப்பது. அறுபத்திரண்டு. எழுபத்தொன்று. அதற்கு மேல் என்ன எண் வரும் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மூன்று இருபத்திரண்டுக்கு நூறு. நாற்காலியில் அப்படியே சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

நாலு மணிக்கு சாய்நாத் வந்தார், சட்டை முழுக்க வேர்வை. "லைன் சுத்தமா இருக்குங்கறான். விடுவேனா? என் கண்ணெதிர்ல டெஸ்ட் பண்ணச் சொன்னேன். இப்ப போட்டுப் பாருங்கோ."

"போயிடுச்சு சார். நீங்க கிளம்பினதுமே போயிடுச்சு."

"அதான் பாத்தேளா" என்றார். இரண்டாவது காபியும் குடித்தார். கைராசித் தீர்ப்பு எழுதப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சிங்கப்பூரிலிருந்து பதில் மெயில் வர வேண்டுமே? நாலரைக்குத் தங்கபுஷ்பம் மோடத்தைப் போட்டு வந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. துண்டித்தாள். நாலு முப்பத்தைந்துக்கு மறுபடி போட்டாள். இல்லை. மெயில் தாமதமாகுமோ என்னவோ என்று ஒயரைப் பிடுங்கி, ஊதி, செருகிப் போட்டாள். செட்டிங்ஸில் ஏதோ ஒன்றை மாற்றி, எதை மாற்றினோம் என்று மறந்து, கம்ப்யூட்டரை அணைத்து முப்பது எண்ணினாள். இருபத்தொன்பதில் ஒரு கணம் தயங்கினாள்கூட. பிறகு மறுபடி போட்டாள், மறுபடி, மறுபடி.

ஐந்தே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. சாய்நாத். மூச்சு இரைத்தது.

"ஏம்மா, அவசரத்துக்கு எங்காத்து நம்பரைக் குடுத்துருந்தேளா? சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ணினா. ஒரு மணி நேரமா உங்க லைன் எங்கேஜ்டாம். இன்னும் பத்து நிமிஷம் பாத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிடறதா இருந்தாளாம். கடைசியா எங்க நம்பரைப் போட்டுருக்கா. வேலை உங்களுக்குத்தான். புஸ்தகத்துல பேரு எப்படிப் போடணும்னு கேட்டா, நான் சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, அன்போடு சொன்னார். "லைன்ல கோளாறுன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

தங்கபுஷ்பத்தின் கை அப்போதும் மோடத்தின் முதுகில் இருந்தது. "ஆமா சார், சொன்னீங்க" என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாம் எதையும் அதன் போக்கில் வேக விடுகிறவர்கள் என்கிறீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு கேள்விதான். அந்த ஃபைல் போயிற்றா இல்லையா என்று தெரிந்துகொள்ள, பாதியிலேயே கடைசிப் பத்தியை எட்டிப் பார்த்தது யார்? கையைத் தூக்க வேண்டாம். ரிசீவரைத் தூக்காமல் இருந்தால் போதும்.