மாமியின் சட்டியும் நாற்பது குதிரையும்

அன்றைக்கும் முனாப்பின் சோற்றில் கிடந்தது சாலிஹின் மீன்தான்.

மீன் ருசியாக இருந்தது. முனாப்பால் பொறுக்க முடியாததும் அதுதான்.

சாய்ந்தமருதில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். மூத்தவள் றுஸ்தாவைக் கட்டி மருதமுனையிலிருந்து வந்த சாலிஹ் ஒன்றில், இளையவள் றுமைஸாவைக் கட்டிய முனாப் மற்றதில். நடுவில் மாமியின் குசினி. பகல் கறி இரண்டு வீட்டுக்கும் அங்கேதான், ஒரே சட்டியில். எந்த மருமகனின் மீன் முதலில் வாசலுக்கு வருகிறதோ, அது சட்டிக்குள் போகும். பிந்தி வருவது பக்கத்து வீட்டுக்கோ பூனைக்கோ போகும்.

கல்யாணமாகி மூன்று வருடம். முனாப்பின் மீன் ஒரு நாளாவது அந்தச் சட்டியைக் கண்டதில்லை.

எப்படிக் காணும்? தோணி கரைக்கு வந்ததும் கறிக்கு நாலு மீனை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மீன் வியாபாரி பர்ஸானுக்கு அள்ளிக் கொடுப்பான். பர்ஸான் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பறந்துவிடுவான். முனாப் வலையை அலசி, தோணியைக் கழுவி, இஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீடு வரும்போது, சாலிஹ் ஈரச் சாரம் சொட்டச் சொட்ட வாசலில் நிற்பான். மாமி மீனை வெட்டி முடித்திருப்பார்.

"மூத்த மருமகன்ட நாப்பது குதிரை இஞ்சின்," என்று மாமி ஆறுதல் சொல்வார். "பதினஞ்ச வெச்சிக்கிட்டு நீங்கதான் என்ன செய்ற?"

அந்த நாற்பது குதிரை மருதமுனைக் கரையில், சாலிஹின் வாப்பாவுடைய மீன்வாடியில் இருந்தது. முனாப் அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். ஆனால் மூன்று வருடமாக அதன் பேரைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவருகிறான்.

"நானும் நாப்பது போடப்போறன்," என்றான் மனைவியிடம்.

"நம்மட தோணிக்கு என்ன வயசு?"

"பதினெட்டு."

"கிழவனுக்கு ஓட்டப்பந்தயச் சப்பாத்து வாங்கப் போறீங்க."

"இது மானப் பிரச்சின, றுமைஸா."

"இது மீன்கறி," என்றாள் றுமைஸா.

செய்தி காதில் விழுந்ததும் சாலிஹ் சோற்றுக் கையோடு ஓடிவந்தான்.

"வேணாம் மச்சான். பதினஞ்சு தங்கமான இஞ்சின். எண்ணெய் குடிக்காது. பழைய தோணிக்கு அதுதான் அளவு. நாப்பது பெருந்தீனி, நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். அல்லாஹ்வுக்காக மாத்திராதீங்க."

அவன் போனதும் முனாப் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா? பயந்திட்டார். நான் முந்திருவன் எண்டு."

கல்முனைக் கடையில் பதினைந்தைக் கொடுத்து, பாவித்த நாற்பது ஒன்றை எடுத்துவந்தான். அதைப் பூட்ட வந்த மெக்கானிக் றமீஸ் பாஸ் தோணியை இரண்டு தரம் சுற்றிவந்தார்.

"இஞ்சின் மாட்டுற பின்பலகை தாங்குமா எண்டு பாக்கணும், தம்பி."

"எப்பிடிப் பாக்கிற?"

"மாட்டித்தான்."

மாட்டினார்கள். முனாப் வேகத்தைக் கூட்டியதும் பின்பலகை ஒரு தடவை இருமியது. இன்னும் கொஞ்சம் கூட்டியதும் குறுக்கே விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது.

"தாங்கல்ல," என்றார் பாஸ், சந்தேகம் தீர்ந்த நிம்மதியோடு.

உள்ளுக்கும் வெளிக்கும் தடித்த பலகை வைத்து, மேலே பைபர் ஒட்டினார்கள். இப்போது பின்பக்கம் கனத்துத் தோணி தண்ணீருக்குள் குந்தியது. கடல் பின்பக்கத்தால் உள்ளே வந்தது.

"முன்னுக்குப் பாரம் வைங்க," என்றார் பாஸ்.

மணல் மூட்டைகள் வைத்தான். கடல் முன்பக்கத்தால் வந்தது.

"அப்ப முன்னுக்கும் பலகை அடிச்சி உயத்துவம்."

உயர்த்தினார்கள். அதன்பிறகு தண்ணீர் எந்தப் பக்கத்தாலும் உள்ளே வரவில்லை. தோணியும் எந்தப் பக்கமும் போகவில்லை. நாற்பது குதிரைகளும் ஒன்றாகக் கத்தின, புகை விட்டன, எண்ணெய் குடித்தன. பெரியநீலாவணைப் பக்கமிருந்து தண்டு வலித்து வந்த ஒரு முதியவர் பக்கத்தில் நிறுத்தி, "கயிறு போடட்டா மகன்?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு முந்திப் போனார்.

கரையில் றமீஸ் பாஸ் தாடியைத் தடவினார். "இந்தப் பாரத்துக்கு நாப்பது காணாது, தம்பி. அறுபது போட்டா ஓடும்."

வாய்க்கு வந்ததை முனாப் மென்று விழுங்கினான். சொல்லியிருந்தால் தவ்பா செய்து பாவமன்னிப்புக் கேட்கவேண்டி வந்திருக்கும்.

பழைய பதினைந்தையே திருப்பி எடுப்போம் என்று கல்முனைக்கு ஓடினான். "அது அண்டைக்கே போயிட்டுதே," என்றார் கடைக்காரர். "நல்ல இஞ்சின். ஏன் மாத்தினீங்க?"

இதற்கிடையில் மாமியின் சட்டியில் ஒரு நாள் பருப்பு, ஒரு நாள் முட்டை, திரும்பவும் பருப்பு. சாலிஹும் வெறுங்கையோடுதான் வந்துகொண்டிருந்தான்.

"கடல் சரியில்ல மாமி. ஒண்டும் படுகுதில்ல."

முனாப்புக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. ஆனால் அதையும் அனுபவிக்க சாலிஹ் விடவில்லை. காலையில் கேட்பான், பகல் கேட்பான்: "தோணி எப்ப இறக்குவீங்க மச்சான்? பாஸ் என்ன சொல்றார்? நானும் வந்து ஒரு கை பிடிக்கட்டா?"

"தன்ட தொழில விட்டுட்டு உங்கட தோணிய நினைச்சே மெலிஞ்சிட்டார்," என்று மாமி உருகினார். "அப்பிடி ஒரு சகலன் ஆருக்குக் கிடைக்கும்?"

முனாப் பருப்பைப் பிசைந்தான். தோற்கும்போதும் சாலிஹுக்கே நல்ல பெயர்.

மறுநாள் முனாப் கரையில் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தபோது பர்ஸானின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெட்டி காலியாக இருந்தது.

"என்ன காக்கா, இன்னும் சரிவரல்லையா? உங்கட தோணி ஓடாததால நான் கோமாரிக்குப் போய்த்தான் மீன் எடுக்கிறன். திரும்பி வர பின்னேரம், அஸர் தொழுகை நேரமாகுது."

"உனக்கும் என்னால கஷ்டம்," என்றான் முனாப், மூட்டையின் மேலேயே உட்கார்ந்து.

"எனக்கென்ன காக்கா, நான் எங்கயும் எடுப்பன். பாவம் சாலிஹ் காக்காதான். நாளும் உங்கட தோணி மீனத் துடிக்கத் துடிக்க சந்தியில என்னட்ட வாங்கி, பைப்படியில சாரத்த நனைச்சிக்கிட்டு வீட்ட ஓடுற மனிசன், இப்ப பகல் சோத்துக்கு என்ன செய்ற எண்டு தெரியாம நிக்கார்."