காத்தாடியாரும் ஆடிக் காற்றும்

பங்காளியோடு சண்டை போட்டவர்கள் உலகத்தில் உண்டு. வரப்புக்காகப் பக்கத்துத் தோட்டக்காரரோடு மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. காற்றோடு சண்டை போட்டவர் என்று நான் பார்த்தது காத்தாடியார் ஒருவரைத்தான். அதுவும் சாதாரணக் காற்று அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, ஆடி மாதத்தில் அம்மியை அசைத்துப் பார்க்கும் காற்று.

பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் ரோட்டோரமாக அவருடைய லாரி ஆபீஸ். ஐந்து லாரிகள், ஐந்து டிரைவர்கள், கணக்கெழுத நான். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள். எங்கள் பக்கத்தில் அவற்றைக் காத்தாடி என்போம். முதலாளி நாள் முழுக்க அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே ஆள் வந்து நின்றாலும் தெரியாது, டீ ஆறி ஆடை படிந்தாலும் தெரியாது. பகல் வெயிலில் அந்த வெள்ளை இறக்கைகள் மெல்லச் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் கொஞ்சம் சொக்கத்தான் செய்யும். அவருக்கு முழுதாகவே சொக்கிவிட்டது. காத்தாடியார் என்பது டிரைவர்கள் வைத்த பெயர். அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. லாரி வாடகை ஏறவில்லை. ஆபீசுக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி சரசக்கா ஒருநாள் வந்து நின்று, பழைய வண்டியை விற்றுவிடுங்கள் என்றார். பழைய வண்டி மாரிமுத்து ஓட்டியது. வண்டி போனால் மாரிமுத்துவும் போக வேண்டும். காத்தாடியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் வரை திரும்பவே இல்லை.

கிளம்பும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, நம்ம டீசலைக் குடிக்கறது வண்டி இல்லீங்க. காத்துங்க. வண்டி போற போக்குல எதுக்க நின்னு குடிச்சுப்போடுது."

மறுநாளே போர் தொடங்கியது. கேபின் தலைமேல் இருந்த பெரிய பலகைகளெல்லாம் இறங்கின. முருகன் படம் வரைந்த பலகையைக் கழற்றும்போது மட்டும் டிரைவர்கள் முரண்டு பிடித்தார்கள். "சாமிய உள்ளார வெச்சுக் கும்பிட்டுக்கலாம். வெளிய நின்னா அவருக்குந்தான் சளி புடிக்கும்" என்றார் காத்தாடியார். முருகன் உள்ளே போனார். தினமும் காலையில் டயர்களுக்குக் காற்றுப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. அந்தக் காற்று மட்டும் அவருக்கு நண்பன். லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியதும் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்ப்பார். தவில் மாதிரி 'திம்' என்று கேட்டால்தான் வண்டி கிளம்பும். ரோட்டில் யார் முந்தினாலும் முந்திவிட்டுப் போகட்டும், நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும்.

டீசல் செலவு நிஜமாகவே குறைந்தது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

வெற்றி தலைக்கேறியது. ஆடி பிறந்ததும் பாலக்காட்டுப் பக்கம் போகிற வண்டிகளுக்குப் புது உத்தரவு போட்டார். எதிர்க்காற்று அடித்தால் ஓரங்கட்டி நிறுத்து, தணிந்த பிறகு கிளம்பு. ஜன்னலில் இறக்கைகளின் வேகத்தைப் பார்த்துவிட்டுப் போன் போடுவார்.

"காத்து எந்திரிச்சிருச்சு கண்ணு. நீ படுத்துக்கோ."

டிரைவர்களுக்கு இதைவிட இனிமையான உத்தரவு ஏது?

அந்தச் சமயத்தில்தான் மெத்தை லோடு வந்தது. பாலக்காட்டில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு லாட்ஜுக்கு. மறுநாள் காலை திறப்பு விழா, முதல் நாள் சாயங்காலத்துக்குள்ளேயே மெத்தைகள் போயாக வேண்டும். மாரிமுத்து விடியலில் கிளம்பினார். மத்தியானம் லாட்ஜ்காரர் போனில் வந்தார். வண்டி எங்கே என்று கேட்டார். காற்று எதிராக இருக்கிறது என்றேன். தான் சொல்லிவிட்டது லாரிக்கா பாய்மரக் கப்பலுக்கா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

மாரிமுத்துவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. காத்தாடியார் காரை எடுத்தார். நானும் போனேன். கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து காரை இழுக்கும் என்பதால் நான்கு கண்ணாடிகளும் மூடியிருந்தன. ஏசி டீசலைத் தின்னும் என்பதால் அதுவும் கிடையாது. அவசரம்தான், ஆனாலும் நிதானம் மாறவில்லை. பொள்ளாச்சி தாண்டியதும் தேங்காய் ஏற்றிய ஒரு டிராக்டர் எங்களை முந்திப் போனது.

கோபாலபுரத்துக்கு முன்னால் ஒரு தென்னந்தோப்போரம் லாரி நின்றது. கேபினில் ஆள் இல்லை. மேலே பார்த்தால், தார்ப்பாயை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டு, மெத்தைக் குவியலில் பாதி புதைந்து மாரிமுத்து உறங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. காத்தாடியார் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறினார்.

மாரிமுத்து பதறி எழுந்து, "ஏனுங், தூங்கிப்போட்டனுங்க. ஸ்டேரிங் புடிச்ச நாளா இப்படித் தூங்குனதில்லீங்க" என்றார்.

"இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே காத்தாடியாரும் படுத்துக்கொண்டார். என்னையும் ஏறச் சொன்னார். ஏறினேன். தென்னைகள் எல்லாம் கிழக்கே பார்த்துத் தலை சாய்ந்திருந்தன. மேகங்கள் கேரளத்திலிருந்து கூட்டங்கூட்டமாக வந்து எங்கள்மேல் கடந்துபோயின. மெத்தை மெல்ல அசைந்தது. லாட்ஜ், டீசல், கணக்கு எதுவும் ஞாபகமில்லை. லாரி நிற்கிறதா, மிதக்கிறதா என்றே தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோமோ.

என் போன் அடித்தது. சரசக்கா. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"நிக்கற வண்டி டீசல் குடிக்காதுன்னு எனக்குந் தெரியுமுங்க. அஞ்சு வண்டியையும் நிறுத்திப்போட்டா நெம்ப மிச்சமாகும். அப்பறம் மாரிக்குச் சம்பளத்த காத்தா குடுக்கும்?"

காத்தாடியார் எழுந்து உட்கார்ந்தார். மாரிமுத்துவின் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"எடு கண்ணு வண்டிய. நானும் வாரேன்."

காரைத் தோப்புக்காரரிடம் சொல்லி நிறுத்திவிட்டு, மாரிமுத்துவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் நான். காற்று நேராக முகத்தில் அறைந்தது. பொழுது சாய்வதற்குள் மெத்தைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. லாட்ஜ்காரர் இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்றார். ஆனால் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும், வாடகை கேட்பதற்கு முன்னால் காற்று எப்படி என்று கேட்பார்.

படுக்கும் உத்தரவு அன்றோடு ரத்தானது. ஆடியில் மேற்கே போகிற வண்டிகள் காற்று விழிப்பதற்கு முன்பே கிளம்பிப் போய்ச் சேர்ந்தன. தவில் தார்ப்பாயும் டயர்க் காற்றும் நிதானமும் அப்படியே தொடர்ந்தன. பழைய வண்டியை விற்கவில்லை. மாரிமுத்துவும் எங்கேயும் போகவில்லை. அந்தப் புண்ணியத்தைச் சரசக்கா தன் பெயரில் எழுதிக்கொண்டார். காத்தாடியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு டவுனில், காந்திபுரத்தில் இரண்டு முறை நல்ல வேலை கிடைத்தது. போகவில்லை. வீட்டில் காரணம் கேட்டபோது, இங்கே பஸ் வசதி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அந்த ரோட்டில் பஸ் வருவதே அபூர்வம்.